வலி மாத்திரையும் சத்து மாத்திரையும்

மருந்துக் கடையில் போய், காய்ச்சலடிக்கிறது, உடம்பெல்லாம் வலி என்று சொன்னால், கடைக்காரர் ஒரு சிறிய காகித உறையில் "செட் மாத்திரை" போட்டுத் தருவார். வெள்ளையாக ஒரு பாராசிட்டமால், சளிக்கு ஒன்று, வயிற்றெரிச்சல் வராமலிருக்க ஒன்று, சத்துக்கு ஒரு பி காம்ப்ளெக்ஸ். அதைச் சாப்பிட்டவருக்கு மறுநாள் காலையில் சிறுநீர் மஞ்சள் கரைத்த தண்ணீர்போலப் போகும். மாத்திரை சூட்டைக் கிளப்பிவிட்டது என்று வீட்டில் மோரும் இளநீரும் கொடுப்பார்கள்.

அந்த மஞ்சளுக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், பிறவியிலேயே மஞ்சள் நிறம். உடலுக்கு வேண்டியது போக மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இது கண்ணுக்குத் தெரிகிற, தீங்கில்லாத விளைவு. கண்ணுக்குத் தெரியாத விளைவுகளும் உண்டு. ஒரே மிடறு தண்ணீரோடு உள்ளே போகும் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் உடலுக்குள் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடுமா? குறுக்கிடுவதை மருத்துவ நூல்கள் "இடைவினை" என்கின்றன.

இரண்டு மாத்திரைகளும் வயிற்றில் கலந்து நஞ்சாக மாறிவிடும் என்ற அச்சம் பொதுவானது. அப்படி நடப்பதில்லை. நடப்பதைப் புரிந்துகொள்ள, ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்ட தோட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். மோட்டார்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் நல்ல மோட்டார்களே. அளவாக ஓடும்வரை சிக்கலில்லை; இரண்டும் இரவும் பகலும் ஓடினால் கிணறு வற்றுகிறது. வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் பகிர்ந்துகொள்ளும் கிணறுகள் உடலில் நான்கு: இரைப்பை, இரத்தத் தட்டணுக்கள், கல்லீரல், சிறுநீரகம். எந்த இரு மாத்திரைகளைச் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு விடை, அவை எந்தக் கிணற்றில் இறங்குகின்றன, எவ்வளவு இறைக்கின்றன என்பதில் இருக்கிறது.

மாத்திரைகளின் குடும்பங்கள்

மருத்துவர் சீட்டில்லாமல் மக்கள் வாங்கும் வலி மாத்திரைகள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. பாராசிட்டமால் ஒரு குடும்பம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை இன்னொரு குடும்பம். இரண்டாவது குடும்பத்துக்கு "ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள்" என்று பெயர். சுருக்கமாக அழற்சி நீக்கிகள் எனலாம். இந்தியச் சட்டப்படி ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். நடைமுறையில் அவை கேட்டவுடன் கிடைப்பதை எல்லோரும் அறிவர்.

அழற்சி நீக்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது 1971 வரை தெளிவாகத் தெரியாது. அந்த ஆண்டு லண்டனில் ஜான் வேன் என்ற ஆய்வாளர் கினிப்பன்றியின் நுரையீரலை அரைத்தெடுத்த சாற்றில் ஆஸ்பிரினைச் சேர்த்துப் பார்த்தார். அந்தச் சாறு வழக்கமாக உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் குறைந்துபோனது. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும், மூளையில் காய்ச்சலையும் தூண்டுவது இந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் அடைத்துவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் புரோஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் உண்டாக்கும் பொருளன்று. இரைப்பையின் உட்சுவரில் பாதுகாப்புக் கோழையைச் சுரக்கச் செய்வதும், சிறுநீரகத்துக்குள் இரத்தம் தாராளமாக ஓடுமாறு குழாய்களை விரித்து வைப்பதும் அதன் வேலைகளே. அதன் உறவுப்பொருளான திராம்பாக்சேன் இரத்தத் தட்டணுக்களை ஒன்றுதிரட்டுகிறது. வலிக்காகப் போடும் மாத்திரை இந்த மூன்று வேலைகளையும் சேர்த்தே முடக்குகிறது. நான்கு கிணறுகளில் மூன்றில் அழற்சி நீக்கிகளின் மோட்டார் இறங்கியிருப்பது இதனால்தான். நான்காவதான கல்லீரல் பெரும்பாலும் பாராசிட்டமாலின் களம்.

சத்து மாத்திரைகளிலும் இரு வகை உண்டு. பி வகை வைட்டமின்களும் சி வைட்டமினும் நீரில் கரைபவை. இவை கைச்செலவுப் பணம்போல. மிஞ்சியது சீக்கிரம் வெளியேறிவிடும். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. இவை குதிரில் கொட்டும் நெல்போல. நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பி12 மட்டும் நீரில் கரைந்தாலும் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். இரும்பு வைட்டமின் அன்று, தாது. ஆயினும் சத்து மாத்திரைகளில் அதற்குத் தனி இடம் உண்டு, இடைவினையிலும் அப்படியே.

முதற்கிணறு: இரைப்பை

இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் இறைச்சியையே செரிக்கக்கூடியது. தன் சுவரையே அது அரித்துவிடாமல் காப்பது கோழைப் பூச்சு. அழற்சி நீக்கிகள் அந்தப் பூச்சை மெலியச் செய்கின்றன. மெலிந்த இடத்தில் துளித்துளியாக இரத்தம் கசியலாம். இரும்பு மாத்திரைக்கும் இரைப்பைச் சுவரை உறுத்தும் குணம் உண்டு. வெறும் வயிற்றில் போட்டவருக்குக் குமட்டலும் எரிச்சலும் வருவது அதனால்தான்.

இந்தக் கசிவு எவ்வளவு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒருவரின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, சிவப்பணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தை அடையாளமாக ஏற்றி, திரும்ப அவர் உடலிலேயே செலுத்திவிடுவார்கள். பிறகு மலத்தில் எவ்வளவு குரோமியம் வருகிறது என்று பார்த்தால் குடலில் கசிந்த இரத்தத்தின் அளவு தெரிந்துவிடும். நலமாக இருப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் கசிகிறது. முழு அளவு ஆஸ்பிரினை நாள்தோறும் சாப்பிடுபவர்களில் பலருக்கு அது 5 மில்லிலிட்டர் அளவுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, ஏறிவிடுகிறது.

ஒரு தேக்கரண்டி இரத்தம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 5 மில்லிலிட்டர் போனால் இரண்டரை மில்லிகிராம் இரும்பு போகிறது. உடல் உணவிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும் இரும்போ 1 முதல் 2 மில்லிகிராம்தான். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் அழற்சி நீக்கி சாப்பிடுபவர் மறுபுறம் சோகைக்கு இரும்பு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிறார் என்று பொருள். சோகை ஏன் தீரவில்லை என்று இரும்பின் அளவைக் கூட்டுவதற்கு முன் வலி மாத்திரையைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

இந்தச் சேர்க்கையில் இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. இரும்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. இரைப்பையில் இரத்தம் கசிந்து செரித்து வந்தாலும் மலம் கறுப்பாகவே போகும், அது ஆபத்து. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுபவர், "இரும்பு மாத்திரையால்தான் கறுப்பு" என்று ஆபத்தின் அறிகுறியைக் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. வேறுபாடு இதுதான்: இரும்பினால் வரும் கறுப்பு பெரும்பாலும் பச்சை கலந்தும் கெட்டியாகவும் இருக்கும். இரத்தத்தினால் வரும் கறுப்பு தார்போல் பளபளத்து, பிசுபிசுவென்று ஒட்டி, கடும் நாற்றம் வீசும். பின்னதைக் கண்டால், கூடவே தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் கிணறு: தட்டணுக்கள்

கண்மாய்க் கரையில் உடைப்பெடுத்தால் முதலில் ஓடிவருபவன் மணல்மூட்டையைப் போட்டுவிட்டு, ஊராரைக் கூவி அழைப்பான். இரத்தக்குழாய் கிழிந்தால் தட்டணுக்கள் செய்வதும் இதுவே. முதலில் வந்து ஒட்டிக்கொள்ளும் தட்டணு, திராம்பாக்சேனைச் சுரந்து மற்றவற்றை அழைக்கிறது. அந்தக் கூவலைத்தான் ஆஸ்பிரின் அடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. அதனால் முடங்கிய நொதிக்கு மாற்றாகப் புதியதை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. அது உயிரோடிருக்கும் 7 முதல் 10 நாட்கள்வரை ஊமையாகவே இருக்கும். ஒரு ஆஸ்பிரின் மாத்திரையின் வலி நிவாரணம் சில மணிநேரம். தட்டணுக்களின்மீது அதன் விளைவோ ஒரு வாரத்துக்கும் மேல். ஐபுபுரோஃபென் அதே நொதியைத் தற்காலிகமாக மட்டுமே அடைக்கும். ஒரு நாளுக்குள் விலகிவிடும்.

ஈ வைட்டமின் இங்கே வேறு வழியில் நுழைகிறது. மிகுந்த அளவில் அது தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய கே வைட்டமினின் வேலைக்கும் இடையூறு செய்கிறது. கூவலை ஒன்று அடக்க, ஓடிவருபவர்களின் கையை இன்னொன்று தளர்த்துகிறது.

இது உண்மையிலேயே நடக்கிறதா என்பதற்குச் சான்று பின்லாந்திலிருந்து வந்தது. அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு 1985இல் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. ஈ வைட்டமினும் பீட்டா கரோட்டினும் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்ப்பதே நோக்கம். 1994இல் முடிவு வெளியானபோது எதிர்பார்த்த நன்மை காணப்படவில்லை. மாறாக, ஈ வைட்டமின் சாப்பிட்டவர்களில் 66 பேர் மூளை இரத்தக்கசிவால் இறந்திருந்தனர். சாப்பிடாதவர்களில் 44 பேர். கொடுத்த அளவு நாளொன்றுக்கு வெறும் 50 மில்லிகிராம்.

அதே ஆய்வில் இருந்தவர்களில் நானூறுக்கும் சற்றுக் கூடுதலானோரின் ஈறுகளைப் பல் மருத்துவர்கள் தனியாகச் சோதித்தார்கள். மழுங்கிய மெல்லிய கருவியால் ஈறை ஓரமாகத் தொட்டு, எத்தனை இடங்களில் இரத்தம் வருகிறது என்று எண்ணுவது முறை. ஆஸ்பிரின், ஈ வைட்டமின் இரண்டையும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொட்ட இடங்களில் நூற்றுக்குச் சுமார் 26இல் இரத்தம் வந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்களுக்குச் சுமார் 33இல் வந்தது. 1998இல் வெளியான இந்த முடிவு சிறிய வேறுபாட்டையே காட்டியது. ஆனால் ஈறில் கண்ணுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் நடக்கலாம் என்பதே அதன் எச்சரிக்கை.

ஒரு நாளைக்கு ஈ வைட்டமின் தேவை சுமார் 15 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. முடி கொட்டுகிறது, தோல் வறள்கிறது, கெண்டைக்கால் பிடிக்கிறது என்று பலரும் வாங்கும் பச்சை நிறக் குளிகையில் 400 மில்லிகிராம் வரை இருக்கிறது. தேவையைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். கால்வலிக்கு அழற்சி நீக்கியும் அதே காலுக்கு இந்தக் குளிகையும் என்று சேர்வது எளிது. இதயத்துக்காக நாள்தோறும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ நாள் குறித்திருப்பவர் ஆகியோர் இந்தக் குளிகையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதயத்துக்கான ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

மீன் எண்ணெய்க் குளிகைக்கும் தட்டணுக்களைச் சற்றுத் தளர்த்தும் குணம் உண்டு. டெங்கு பரவும் மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடாது, பாராசிட்டமால் மட்டுமே என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதும் இந்தத் தட்டணுக் கணக்கினால்தான். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

மூன்றாம் கிணறு: கல்லீரல்

பாராசிட்டமால் இரைப்பையை அரிக்காது. தட்டணுக்களையும் குறிப்பிடத்தக்க அளவில் தொடாது. அதன் கணக்கு முழுவதும் கல்லீரலில் நடக்கிறது. மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துச் சணலால் கட்டிக் கொடுப்பதுபோல், கல்லீரல் ஒவ்வொரு பாராசிட்டமால் மூலக்கூற்றோடும் ஒரு சர்க்கரை அமிலத்தையோ சல்ஃபேட்டையோ சேர்த்துக் கட்டி, நீரில் கரையும் பொட்டலமாக்கிச் சிறுநீர் வழியே அனுப்புகிறது. பெரும்பகுதி இப்படிப் போய்விடும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டும் வேறு நொதியின் கையில் சிக்கி, தீப்பொறிபோன்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. கல்லீரல் செல்களில் இருக்கும் குளூட்டாதயோன் என்னும் பொருள் அந்தப் பொறியை அப்போதைக்கப்போது அணைத்துவிடுகிறது. அளவு மீறினால் பொறிகள் பெருகி, குளூட்டாதயோன் தீர்ந்து, கல்லீரல் செல்கள் கருகுகின்றன.

பாராசிட்டமால் 1950களிலேயே கடைகளுக்கு வந்துவிட்டாலும், மிகையளவு கல்லீரலை அழிக்கும் என்பது 1966இல்தான் எடின்பரோ மருத்துவர்களின் அறிக்கையால் தெரியவந்தது. ஏன் என்பதை 1973இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெர்ரி மிட்செலும் உடன் ஆய்வாளர்களும் எலிகளைக் கொண்டு காட்டினர். குளூட்டாதயோன் இருப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு கரையும்வரை கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகே சேதம் தொடங்கியது. இந்த அறிவிலிருந்தே மாற்று மருந்தும் கிடைத்தது. குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவும் அசிட்டைல் சிஸ்டீன் என்ற பொருளை, மிகையளவு உண்டு சுமார் எட்டு மணிநேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலைக் காக்கலாம் என்பதை எடின்பரோவில் பிரெஸ்காட் குழுவினர் 1970களின் இறுதியில் நிறுவினர்.

சி வைட்டமின் இந்தக் கடையில் எங்கே வருகிறது? அதுவும் ஓரளவு அதே சல்ஃபேட் சணலால்தான் கட்டப்படுகிறது. 1976இல் ஹூஸ்டன், லெவி என்ற இரு ஆய்வாளர்கள், பாராசிட்டமால் சாப்பிட்ட தன்னார்வலர்களுக்கு ஒன்றரை மணிநேரம் கழித்து 3 கிராம் சி வைட்டமின் கொடுத்து அவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். சல்ஃபேட் பொட்டலங்கள் வருவது சட்டென்று குறைந்தது. உடலிலிருந்து பாராசிட்டமால் பாதியளவாகக் குறைய எடுக்கும் நேரம் 2.3 மணிநேரத்திலிருந்து 3.1 மணிநேரமாக நீண்டது. சணல் உருண்டையை இருவர் இழுத்ததால் பொட்டலம் கட்டுவது தாமதமானது என்று இதற்கு விளக்கம்.

அளவைக் கவனித்தால் இதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான சி வைட்டமின் 100 மில்லிகிராமுக்கும் குறைவு. சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு நிற மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கும். அப்படி ஒன்றைப் பாராசிட்டமாலோடு எடுத்துக்கொள்வதால் நலமான ஒருவருக்குத் தீங்கு வரும் என்பதற்குச் சான்றில்லை. சளி பிடித்ததும் நாளெல்லாம் கிராம் கணக்கில் சி வைட்டமினும், கூடவே உச்ச அளவு பாராசிட்டமாலும் எடுப்பதுதான் வேண்டாத வேலை.

கல்லீரலைப் பொறுத்தவரை சத்து மாத்திரையைவிடப் பெரிய ஆபத்து, பாராசிட்டமாலை அறியாமல் இருமுறை சாப்பிடுவது. சளி மாத்திரைகள் பலவற்றிலும், உடல்வலிக் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணிநேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு: 500 மில்லிகிராம் மாத்திரையானால் எட்டு, 650 ஆனால் ஆறு. காய்ச்சலுக்கு 650 மாத்திரை நான்கு வேளையும், சளிக்கு 500 கலந்த மாத்திரை மூன்று வேளையும் சாப்பிட்டால் கணக்கு 4,100 ஆகி வரம்பைத் தாண்டிவிடுகிறது. மது அருந்துபவர், பட்டினி கிடப்பவர், உடல் மெலிந்தவர், கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு இந்த வரம்பே அதிகம். இவர்களுடைய குளூட்டாதயோன் இருப்பு முதலிலேயே குறைவாக இருக்கும்.

மிகையளவு ஏ வைட்டமினும், கொழுப்பைக் குறைக்கவென்று கிராம் கணக்கில் எடுக்கும் நியாசின் என்னும் பி3 வைட்டமினும் தனியாகவே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. பாராசிட்டமால் தொடர்ந்து தேவைப்படுபவர் இவற்றைத் தாமாக எடுக்கக்கூடாது. சத்து மாத்திரை கல்லீரலைக் காக்கும், ஆகவே வலி மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தவறு. நீரில் நுரைத்துக் கரையும் அசிட்டைல் சிஸ்டீன் மாத்திரை கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. மிகையளவு உண்டவருக்கு வேண்டியது மருத்துவமனை. வீட்டில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. முதல் நாள் அவருக்கு உடம்பு நன்றாகவே இருப்பதுபோல் தோன்றலாம். அதை நம்பிக் காத்திருக்கக்கூடாது.

நான்காம் கிணறு: சிறுநீரகம்

வறட்சிக் காலத்திலும் வாய்க்காலில் நீர் வர மடையைத் திறந்து வைக்க ஆள் வேண்டும். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்தின் இரத்த மடையைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். நீர் நிறைந்த உடலில் ஓரிரு நாள் அழற்சி நீக்கி சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வெயிலில் உழைத்து வியர்த்தவருக்கோ வயிற்றுப்போக்கில் நீரிழந்தவருக்கோ அதே மாத்திரை மடையை அடைத்துவிடும்.

இங்கே டி வைட்டமின் வந்து சேர்கிறது. இந்தியாவில் 60,000 யூனிட் அளவுள்ள குளிகையும் பொடியும் பரவலாக விற்கின்றன. வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்பது வழக்கமான பரிந்துரை. மருத்துவர் மேற்பார்வையின்றி நாள்தோறும் எடுப்பதற்கு அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த உச்ச வரம்பு 4,000 யூனிட். வாரக் குளிகையை நாள்தோறும் போட்டுக்கொண்டால் ஒரே நாளில் அதைப்போல் பதினைந்து மடங்கு உள்ளே போகிறது. கொழுப்பில் தங்கும் வைட்டமின் ஆதலால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கும். இரத்தத்தில் கால்சியம் ஏறி, ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வாந்தியும் மலச்சிக்கலும் வரும். நீர் இப்படி வடிந்துகொண்டிருக்கும் உடலில், எலும்பு வலிக்கிறது என்று அழற்சி நீக்கியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இன்னொரு பொருள் சோடியம். நுரைத்துக் கரையும் மாத்திரைகளின் நுரைக்குக் காரணம் சோடியம் பைகார்பனேட். நுரைக்கும் பாராசிட்டமால் ஒன்றிலேயே சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கக்கூடும். நுரைக்கும் சி வைட்டமினிலும் சோடியம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் சோடிய வரம்பு 2,000 மில்லிகிராம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நுரைக்காத சாதாரண மாத்திரையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

சத்தே வலியாகும்போது

சில வேளைகளில் வலி மாத்திரை துரத்தும் வலியைத் தந்ததே சத்து மாத்திரையாக இருக்கும். 1597இல் வடதுருவப் பயணத்தில் சிக்கிய டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைத் தின்று கடுமையாக நோயுற்றதை அவர்களில் ஒருவரான கெரிட் டி வீர் எழுதி வைத்தார். அந்த ஈரலைத் தின்றவர்களுக்குத் தாங்கமுடியாத தலைவலியும் தோல் உரிதலும் வரும். 1943இல்தான் அந்த ஈரலில் ஏ வைட்டமின் மலையளவு இருப்பதே காரணம் என்று தெரிந்தது. ஏ வைட்டமின் குளிகைகளை அளவு மீறி எடுப்பவருக்கும் தலைவலி வரும். அவர் பாராசிட்டமால் போடுவார். இரண்டும் ஒரே கல்லீரலுக்குப் போகும்.

பி6 வைட்டமினும் இப்படித்தான். நரம்புக்கு நல்லது என்று பெயர் பெற்ற அது, மிகுந்தால் நரம்பையே கெடுக்கும். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம்வரை மாதக்கணக்கில் எடுத்த ஏழு பேர் கைகால் மரத்து, தள்ளாடி நடக்கும் நிலைக்கு வந்ததை 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தனர். பிற்காலத்தில் இதைவிட மிகக் குறைந்த அளவுகளிலும் பாதிப்பு காணப்பட்டதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று வரம்பைத் தாழ்த்தியது. பாதம் எரிகிறது, மரக்கிறது என்று நரம்பு மாத்திரையும் வலி மாத்திரையும் மாதக்கணக்கில் சாப்பிட்டும் குறையவில்லையென்றால், மாத்திரையைக் கூட்டுவதை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பி12 குறைபாடும் நீரிழிவும் அதே எரிச்சலைத் தரும். அவற்றுக்கு வேண்டிய மருத்துவம் வேறு.

நல்ல சேர்க்கைகள்

இடைவினை எல்லாமே தீங்கன்று. மிகுந்த அளவு நியாசின் சாப்பிட்டவருக்கு முகமும் மார்பும் சிவந்து தீப்போல எரியும். தோலில் சுரக்கும் ஒருவகைப் புரோஸ்டாகிளாண்டினே அதற்குக் காரணம். ஆகவே நியாசினைப் பரிந்துரைத்த மருத்துவர்கள், அரைமணிநேரம் முன்னதாக ஓர் ஆஸ்பிரினைச் சாப்பிடச் சொன்னார்கள், எரிச்சல் தணிந்தது.

பிரேசிலில் முதுகுவலிக்காரர்கள் 372 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு சான்று. ஒரு பிரிவினருக்கு டைக்ளோஃபெனாக் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு பி1, பி6, பி12 மூன்றும் சேர்த்து. மூன்று நாளில் வலி போதிய அளவு குறைந்து மருந்தை நிறுத்தியவர்கள் முதற்பிரிவில் 29 விழுக்காடு. பி வைட்டமின்கள் சேர்ந்த பிரிவில் 46.5 விழுக்காடு. ஒரு வாரத்துக்குட்பட்ட சிகிச்சைக்கே இந்த முடிவு பொருந்தும். அழற்சி நீக்கியைக் குறைந்த நாட்களில் நிறுத்த உதவியது என்பதே இதில் உண்மையான லாபம்.

நடைமுறை

நலமாக இருக்கும் பெரியவர் இரண்டொரு நாள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும், வழக்கமான அளவுள்ள பி காம்ப்ளெக்ஸோ பல்சத்து மாத்திரையோ சேர்த்துச் சாப்பிடலாம். அழற்சி நீக்கி சாப்பிட நேர்ந்தால் உணவுக்குப் பின், நிறையத் தண்ணீரோடு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. இரும்பு மாத்திரையை அதே வேளையில் போடாமல் வேறு வேளைக்குத் தள்ளினால் இரைப்பையின் உறுத்தல் குறையும். கசிவின் ஆபத்து அதனால் நீங்கிவிடாது. ஈ, ஏ, டி வைட்டமின்களின் பெரிய அளவுகளை யாரும் தாமாகத் தொடரக்கூடாது.

கருவுற்ற பெண்களுக்குக் கணக்கு தனி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு நிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். வலிக்கென்று அழற்சி நீக்கியைத் தாமாக எடுக்கக்கூடாது. இருபதாவது வாரத்துக்குப் பின் அது வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் எச்சரித்தது. மிகையளவு ஏ வைட்டமின் கருவில் ஊனம் உண்டாக்கக்கூடியது.

இத்தனை கணக்கும் மாத்திரையின் பெயரும் அளவும் தெரிந்தால்தான் போட முடியும். கடையில் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயரும் அளவும் காலாவதித் தேதியும் அச்சான பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. காகித உறையில் வரும் செட் மாத்திரைக்கோ பெயரே கிடையாது. ஆகவே ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அளவையும் உறையின்மேல் எழுதித் தரச் சொல்லி வாங்க வேண்டும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது, சத்து மாத்திரைதானே என்று எதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.